மன்னியன் வீட்டுப் புகை

மே மாதம் இரண்டாம் தேதி காலை ஏழேகால் மணி முதல் ஃபெஸ்டஸ் மன்னியன் வீட்டு அடுப்பின் புகை அந்த வீட்டுப் புகைபோக்கி வழியாக வெளியேறவில்லை. நானூறு அடி தள்ளி, கீழ்ச் சதுப்பில், அகழாய்வுக்காரர்கள் தோண்டித் திறந்து வைத்திருந்த ஒரு சின்னக் குடிசையின் அடுப்பிலிருந்து அது மேலே வந்தது. அந்த அடுப்பு கடைசியாக எரிந்து ஐயாயிரத்து நானூறு வருஷம் ஆகிறது என்று பிற்பாடு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்று மேற்குக் காற்று லேசாக அடித்தது, மழை இல்லை. மன்னியன் சமையலறையில் தீ வழக்கம்போல் எரிந்தது, கெட்டில் வழக்கம்போல் கொதித்தது, ஃபெஸ்டஸின் தங்கை டெலியா வழக்கம்போல் சோடா ரொட்டி சுட்டாள். வீட்டுக்குள் புகை தங்கவும் இல்லை, கூரைக்கு மேல் புகை தெரியவும் இல்லை. இதை முதலில் கவனித்துச் சொன்னவர் தபால்காரர் ஜார்லத்.

"ஃபெஸ்டஸ், உங்க வீட்டு நெருப்பு அணைஞ்சு போச்சா?" என்று அவர் வாசலில் நின்று கேட்டார்.

அந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது.

"அணையறதுக்கு அது என்ன உங்க அப்பன் வீட்டு நெருப்பா?" என்றார் ஃபெஸ்டஸ்.

"கோவிச்சுக்காதீங்க. கூரை மேல புகையக் காணோம். கீழ பள்ளத்துல மட்டும் ஜோரா வருது. வாசனையப் பாத்தா உங்க சதுப்புக் கரிமண்தான். அதான் கேட்டேன்."

ஃபெஸ்டஸ் கடிதங்களை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். பிறகு பின்கதவு வழியாகப் போய்க் கூரையைப் பார்த்தார். புகைபோக்கியின் வாயில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. நெருப்பு எரியும் வீட்டின் புகைபோக்கியில் எந்தக் காகமும் உட்காராது.

மேயோ மாவட்டத்து டெரிலஹன் ஊரில் மன்னியன் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நெருப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில் ஃபெஸ்டஸின் தாத்தா மார்ட்டின், கிழக்கே இருந்த தன் பழைய வீட்டிலிருந்து ஓர் இரும்புச் சட்டியில் கங்கு போட்டு, மாட்டுவண்டியில் வைத்து, இரண்டு நாள் ஊதி ஊதிக் கொண்டுவந்து இந்த அடுப்பில் சேர்த்தார் என்பது குடும்பத்தின் வாக்கு. அன்று முதல் அது அணையவில்லை. தினமும் படுக்கப் போகும்முன் கங்கைச் சாம்பலால் மூடுவார்கள், காலையில் கிளறி எழுப்புவார்கள். மார்ட்டின் செய்தார், அவர் மகன் செய்தார், எழுபத்தாறு வயதில், மனைவி மக்கள் இல்லாத ஃபெஸ்டஸ் செய்துகொண்டிருந்தார். இங்கிலாந்தில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பிய டெலியாவைக்கூட அவர் அந்தச் சாம்பலைத் தொட விட்டதில்லை.

ஊரில் வேறொரு பேச்சும் இருந்தது. அந்த வீட்டில் மன்னியன்களுக்கு முன்னால் ருவேன் குடும்பம் இருந்தது. எண்பத்து மூன்றில் வாடகை கட்ட முடியாமல் ஜமீன்தாரின் ஆட்கள் அவர்களைத் தெருவில் இறக்கினார்கள். அப்படி இறக்கப்பட்டவனின் நிலத்துக்குப் போய் உட்காருகிறவனுக்கு அந்த ஊரில் ஒரே பெயர்தான், பிடுங்கி. பிடுங்கிக்குக் கடையில் உப்பு விற்க மாட்டார்கள், குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டார்கள், அவன் உட்கார்ந்த பெஞ்சில் தேவாலயத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மார்ட்டின் மன்னியனுக்கு அதெல்லாம் நடந்தது. ஆனால் மன்னியன்களிடம் பதில் இருந்தது. வீடு மூன்று வருஷம் காலியாகக் கிடந்தது, கூரை விழுந்தது, ருவேன்கள் திரும்பி வரும் எண்ணமே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள், அதன் பிறகுதான் மார்ட்டின் வந்தார். மூன்று வருஷக் கணக்கு மன்னியன் வீட்டில் ஜெபம் போல மனப்பாடம். தேவாலயத்தில் வலது பக்கம் நான்காவது பெஞ்சில் இன்றைக்கும் மன்னியன்களைத் தவிர யாரும் உட்காருவதில்லை. இரண்டு தலைமுறை கழிந்ததும் அதை 'எங்கள் குடும்பத்துப் பெஞ்சு' என்று மன்னியன்கள் முதுகை நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினார்கள்.

முந்தைய வருஷம் கோடையில், அடுப்பெரிக்கச் சதுப்பிலிருந்து கரிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டும்போது ஃபெஸ்டஸின் மண்வெட்டி ஒரு கல்லில் மோதியது. அந்தச் சதுப்பின் அடியில் கல் இருக்க நியாயமில்லை. செய்தி பாதிரியார் மூலம் போய், மார்ச் மாதம் சோர்கா டிவேன் என்ற அகழாய்வுக்காரி ஆறு மாணவர்களுடன் வந்து இறங்கினாள். ஃபெஸ்டஸ் அனுமதி கொடுத்தார், ஆனால் நம்பவில்லை. அவள் கையில் இருந்த சின்னத் தூரிகையை நம்பவில்லை. தான் எங்கே நின்றாலும் அந்த இடத்தை அவள் நோட்டில் குறிப்பதாக நினைத்தார். முதல் நாளே விசாரணை நடத்தினார்.

"உங்க அம்மா எந்த ஊரு?"

"ட்யூம், மிஸ்டர் மன்னியன்."

"அம்மாவோட அம்மா?"

"அவங்களும் ட்யூம்தான்."

"அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி என்ன குடும்பப் பேரு?"

"நான் தோண்டறதுக்கு வந்திருக்கேன், மிஸ்டர் மன்னியன். தோண்டறது நீங்களா இருக்கீங்க," என்றாள் சோர்கா. ருவேன் இரத்தம் இல்லை என்று நிச்சயமாகும்வரை அவர் அவளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்கவில்லை. அதற்கு மூன்று வாரம் ஆனது.

கரிமண் படலத்தை நீக்கியபோது வந்தது ஒரு குடிசை. குறுக்களவு பத்தடி. கம்புகள் ஊன்றிய குழிகள் வட்டமாக, நடுவில் வெந்து வெடித்த கற்கள் சூழ்ந்த ஓர் அடுப்பு, பக்கத்தில் கரிந்த ஹேசல் கொட்டை ஓடுகள், ஒரு கல் கத்தி. ஃபெஸ்டஸ் வந்து பார்த்தார். தன் கன்றுக்குட்டிக் கொட்டகை இதைவிடப் பெரிது என்றார். பெயர் இல்லாதவர்கள், நிலத்துக்குப் பத்திரம் இல்லாதவர்கள், எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனவர்கள், இவர்களுக்கும் மன்னியன் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்தத் தவறு நடந்தது. மே முதல் தேதி அந்தப் பக்கத்தில் யார் வீட்டிலிருந்தும் நெருப்பு வெளியே போகாது. ஒரு கங்கு, ஒரு கரித்துண்டு, ஒரு பிடி சாம்பல் வாசலைத் தாண்டாது. பற்றவைத்த சுருட்டோடு வந்தவன் அதைப் புகைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மீறினால் வீட்டின் பாக்கியம் அதோடு போய்விடும், பால் கடைந்தால் வெண்ணெய் திரளாது. அன்று காலை முதல் புகை எந்த வீட்டில் எழுகிறது என்று ஊர் முழுக்க ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கும், யாரும் முதல் ஆளாக இருக்க மாட்டார்கள். அன்றைக்கு நெருப்புக் கேட்டு வருகிறவள் எவளோ அவள் திருட வந்தவள். ஃபெஸ்டஸ் தன் வாழ்நாளில் மே முதல் தேதி ஒரு தீக்குச்சி கொடுத்ததில்லை. ஆனால் அந்த மே முதல் தேதி மதியம் திடீரென்று மழை பிடித்தது. குடிசை அடுப்பிலிருந்து எடுத்து, வயதைக் கணிக்க அனுப்பவேண்டிய கரித்துண்டுகளை வெள்ளித்தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு சோர்கா பள்ளத்தின் மேல் படுதாவை இழுத்துக் கட்டப் போராடிக்கொண்டிருந்தாள். தன் நிலத்தில் ஒரு பெண் மழையில் நனைவதைப் பார்த்து நிற்பது கௌரவம் இல்லை என்று நினைத்த ஃபெஸ்டஸ், பொட்டலத்தை வாங்கித் தன் கோட்டுக்குள் வைத்து, சாலை வரை நடந்து, அவள் காரில் வைத்துவிட்டு வந்தார். கார் அன்று மாலையே கால்வேயில் இருந்த ஆய்வகத்துக்குப் போனது.

டெலியா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபெஸ்டி, இன்னைக்கு என்ன தேதின்னு தெரியுமா?"

"தெரியும்."

"அடுப்புக் கரிய வெளிய குடுத்திருக்க."

"அது நம்ம அடுப்பு இல்ல," என்றார் ஃபெஸ்டஸ்.

மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு நடந்தது மேலே சொல்லப்பட்டது.

அடுத்த ஆறு வாரம் டெரிலஹனில் யாரும் யாரையும் நம்பவில்லை. தன் ஆய்வைக் கெடுக்கக் கிழவர் அதிகாலையில் வந்து பழைய அடுப்பில் தீ மூட்டுகிறார் என்று சோர்கா சந்தேகப்பட்டாள், அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி மணி தொங்கவிட்டாள். புகை வந்தது, மணி அடிக்கவில்லை, அடுப்பில் தீயும் இல்லை, கற்கள் ஜில்லென்று இருந்தன. கற்களின் இடுக்கிலிருந்து நீலமாக, கண் எரியாத நல்ல புகை வந்தது. அகழாய்வுக்காரர்கள் ஏதோ கருவி வைத்துத் தன் புகையை இழுக்கிறார்கள் என்று ஃபெஸ்டஸ் சந்தேகப்பட்டார். இருவரும் சேர்ந்து குழாய் புதைத்திருக்கிறார்கள், சுற்றுலாக்காரர்களை வரவழைக்கத் திட்டம் என்று மதுக்கடையில் சந்தேகப்பட்டார்கள். நான்கு பேர் மண்வெட்டியோடு வந்து வீட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மூன்று இடங்களில் இடுப்பளவு தோண்டினார்கள். செத்த வளைக்கரடி ஒன்றும் பழைய லாடம் ஒன்றும் கிடைத்தன. டெலியா தன் பங்குக்கு ஹெரிங் மீன் தோலை அடுப்பில் போட்டுவிட்டுப் பள்ளத்துக்கு நடந்து போனாள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து மன்னியன் அடுப்பில் ஒரு சிவப்புப் புகை உருண்டையை வைத்தார். நான்கு விநாடியில் குடிசை அடுப்பிலிருந்து சிவப்புப் புகை வந்தது. சமையலறைக்கும் பள்ளத்துக்கும் இடையே காற்றோட்டம் திருப்திகரமாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் நடுவில் ஆய்வகக் கடிதம் வந்தது. ஐயாயிரத்து நானூறு. அதைப் படித்த நாளிலிருந்து ஃபெஸ்டஸுக்குப் புகையின் மேல் இருந்த கோபம் குறைந்தது. புகை தன் பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தன் வீட்டுப் புகைக்கு அந்தக் குடிசை பழைய வீடு என்றால், அந்தக் குடிசைக்காரர்கள் மன்னியன்கள். மன்னியன்கள் ஐயாயிரத்து நானூறு வருஷமாக இதே சதுப்பில் இருக்கிறார்கள். நடுவில் ஏதோ ஒரு காலத்தில் கிழக்கே போயிருக்கலாம், மார்ட்டின் அதைத்தான் திரும்பி வந்து சரிசெய்தார். இதற்குமேல் யார் பிடுங்கி, யாரிடமிருந்து பிடுங்கியது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து, வாயிற்படியில் நின்று, அந்த எண்ணைத் தன் வீட்டு முகவரி போலச் சொன்னார். சிலர் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்கள். அவர் தாத்தாவுக்கு அந்த வாசலில் யாரும் தொப்பியைத் தொட்டதில்லை.

திங்கட்கிழமை பைனா ருவேன் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு வந்தாள். இறக்கப்பட்ட ருவேன்களில் அந்த ஊரில் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். வயது எழுபத்தொன்பது, குறுக்குச் சாலையில் கவுன்சில் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். ஃபெஸ்டஸின் நிமிர்ந்த முதுகைப் பார்த்து அவருக்குக் 'கேப்டன்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புகையை மூக்கால் நன்றாக இழுத்து, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி பேசினாள்.

"கேப்டன், ஐயாயிரம் வருஷமா இங்கதான் இருக்கீங்களாமே? அப்ப வண்டியில சட்டி பானை ஏத்திக்கிட்டு வந்தது யாரு? உல்லாசப் பயணமா?"

"என் நிலத்துல உக்காந்துக்கிட்டு பேசற, பைனா."

"நிலம் உன் பேருல இருக்கு. நான் இல்லன்னு சொன்னேனா? புகை யார் பேருல இருக்குன்னுதான் கேக்கறேன்." அவள் மறுபடி மூக்கை உறிஞ்சினாள். "எங்கள வெளிய தள்ளின அன்னைக்கு ஜமீன் ஆளுங்க அடுப்புல தண்ணி ஊத்தினாங்க. ஒரு மூலைல ஊத்தல. சாம்பலுக்கு அடியில உசிரு இருந்துச்சு. எங்க தாத்தா கண்ணால பாத்துட்டுத்தான் போனாரு. அந்தக் கங்கு என்ன ஆச்சு, கேப்டன்?"

"மூணு வருஷத்துல எந்தக் கங்கு இருக்கும்?" என்றார் ஃபெஸ்டஸ்.

"அதேதான் நானும் கேக்கறேன். மூணு வருஷத்துல எந்தக் கங்கு இருக்கும்?"

ஃபெஸ்டஸ் திரும்பி வீட்டுக்கு நடந்தார். நடையில் வேகம் இல்லை, ஆனால் கேட்டைச் சாத்தாமல் போனார். அவர் வாழ்க்கையில் கேட்டைச் சாத்தாமல் போனது அது ஒரு முறைதான், அன்று அவருடைய மூன்று பசுக்கள் பாதிரியார் தோட்டத்தில் முட்டைக்கோஸ் தின்றன.

அவர் தந்தை சாவதற்கு முந்தின வாரம், வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஒன்று சொல்லியிருந்தார். இரும்புச் சட்டி என்று ஒன்று கிடையாது. மூன்று வருஷமும் கிடையாது. ருவேன்களை இறக்கிய மறுநாள் காலையிலேயே மார்ட்டின் வந்தார். ஜமீன் ஆளிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அடுப்பில் கை வைத்தபோது சாம்பல் சூடாக இருந்தது. கிளறினார், கங்கு இருந்தது, ஊதினார். மன்னியன் வீட்டு நெருப்பு ருவேன் வீட்டு நெருப்பு. அதற்கு முன் ருவேன்கள் அதை யாரிடமிருந்து பெற்றார்களோ, அவர்கள் யாரிடமிருந்து பெற்றார்களோ. ஃபெஸ்டஸ் முப்பத்தொன்பது வருஷம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். நெருப்பை அணையாமல் காத்ததும் அதற்காகத்தான் என்று சொல்லலாம். அணைந்து போனால், பொய்யைத் தாங்க எதுவும் இருக்காது.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி சோர்கா வீட்டுக்கு வந்தாள். அகழாய்வு முடிந்தது, மாதக் கடைசியில் பள்ளத்தை மூட வேண்டும், திறந்து கிடந்தால் ஒரு குளிர்காலத்தில் குடிசை கரைந்து போய்விடும் என்றாள். மூடினால் புகை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள, மறுநாள் அடுப்பின் மேல் தடித்த படுதாவை விரித்து ஓரங்களில் கற்களை வைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மன்னியன் சமையலறை நிரம்பியது. ஃபெஸ்டஸ் ஓடி வந்து கதவைத் திறந்தபோது டெலியா மேஜைக்குக் கீழே முழங்கால் போட்டு இருமிக்கொண்டிருந்தாள். படுதாவை எடுத்தார்கள், புகை வடிந்தது. டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் நுரையீரல் தாங்காது என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணனும் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அணைச்சுடு, ஃபெஸ்டி. ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக்கலாம்."

"நூத்தி இருபத்தோரு வருஷம், டெலியா."

"நூத்தி இருபத்தி நாலு," என்றாள் டெலியா.

ஃபெஸ்டஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"எண்பத்தி மூணுலேருந்து கணக்குப் போடு. நூத்தி இருபத்தி நாலு. அப்பா எனக்கும் சொன்னாரு. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. நீ தாங்க மாட்டியாம்."

"என்கிட்ட உனக்குச் சொல்லக் கூடாதுன்னாரு."

"நல்ல மனுஷன். ரெண்டு பிள்ளைங்க மேலயும் சந்தேகம்." டெலியா இருமிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி இருமினாள். "நீ பெஞ்சப் பத்திப் பேசும்போதெல்லாம் நாக்கக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இங்கிலாந்துக்கு நான் ஏன் போனேன்னு நினைச்ச? சம்பளத்துக்கா?"

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஃபெஸ்டஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு குறுக்குச் சாலைக்கு நடந்தார். ஊரில் பாதிப் பேர் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே வந்து நின்றார்கள். பைனா கதவைத் திறந்தாள்.

"வழி தப்பிட்டியா, கேப்டன்?"

"இல்ல."

"அப்ப காலத் தொடச்சிட்டு உள்ள வா."

அவர் உட்காரவில்லை. அவள் உட்காரச் சொல்லவும் இல்லை. கெட்டில் மேஜைமேல் இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் வந்தவருக்குத் தேநீர் வைக்காமல் இருப்பது கன்னத்தில் அறைவதைவிடப் பெரிய காரியம். ஃபெஸ்டஸ் அதைப் பார்த்தார், தனக்கு அது தகும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்.

"எங்க தாத்தா மூணு வருஷம் கழிச்சு வரல," என்றார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பக்கத்து வயலில் ஆடு இருமினால் அவளுக்குக் கேட்கும் என்பது ஊருக்கே தெரியும்.

"மூணு வருஷம் கழிச்சு வரல. மறுநாளே வந்தாரு. அடுப்புல சாம்பல் சூடா இருந்துச்சு. உங்க நெருப்பத்தான் ஊதி எடுத்தாரு."

"அப்படி வந்தவனுக்கு இந்த ஊர்ல ஒரு பேரு உண்டு."

ஃபெஸ்டஸின் முதுகு எப்போதும்போல் நேராகத்தான் இருந்தது.

"பிடுங்கி," என்றார்.

பைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க அப்பா இத ஒரு தடவை கேட்டுட்டுச் செத்திருக்கலாம்," என்றாள். பிறகு எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

தேநீரைக் குடித்துக்கொண்டே ஃபெஸ்டஸ் தான் வந்த காரியத்தைச் சொன்னார். நெருப்பை ஒரு வாளியில் போட்டு, தானே சுமந்து, ஊர் பார்க்கப் பட்டப்பகலில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார்.

"எங்க வெப்பேன்? தலைலயா?" என்றாள் பைனா. "புகைபோக்கிய கவுன்சில்காரன் செங்கல் வெச்சு அடைச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. எண்ணெய் ஹீட்டர். சுவத்துல ஒரு பொத்தான், அழுத்தினா சூடு. அது மட்டுமில்ல, எழுபத்தொம்பது வயசுல என்ன தினம் சாம்பல் அள்ளச் சொல்றியா? நூத்தி இருபத்தி நாலு வருஷமா நீங்கதான அள்ளறீங்க. அள்ளிக்கிட்டே இருங்க. சூடும் உனக்கே இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"புகை. ரோட்டுல போறவன் பாக்கணும். பாத்துட்டு, ருவேன் வீட்டு நெருப்பு எரியுதுன்னு சொல்லணும். அத மட்டும் இங்க அனுப்பு."

"அது நான் சொன்ன இடத்துக்குப் போகுமா?"

"சொல்லிப் பாரு. ஐயாயிரம் வருஷப் பழக்கமாச்சே உனக்கு."

ஜூன் முப்பதாம் தேதி சனிக்கிழமை பள்ளத்தை மூடினார்கள். ஏறக்குறைய நாற்பது பேர் வந்திருந்தார்கள், தாங்கள் எதையும் நம்பவில்லை என்று காட்டக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கம்புக் குழிகளில் மணல் நிரப்பினார்கள், தரையில் துணி விரித்து மண் போட்டார்கள், அடுப்பை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்தார்கள். டெலியா வீட்டில் எல்லா ஜன்னல்களையும் திறந்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாணவன் ஒருவன் மண்வெட்டியைத் தூக்கியபோது ஃபெஸ்டஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். குடிசையின் விளிம்புக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, பூசையில் வாசகம் படிக்கிற குரலில் புகையைப் பார்த்துப் பேசினார்.

"பைனா ருவேன் வீட்டுக்குப் போ. நீ அவங்க புகை. எங்க தாத்தா எடுத்துக்கிட்டாரு."

ஃபெஸ்டஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு தலையசைத்தார், மண் விழுந்தது. புகை மண்ணின் ஊடே மெலிதாக ஒரு நிமிஷம் கசிந்தது, பிறகு நின்றது. எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். டெலியா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கதவு வழியாக எதுவும் வரவில்லை, கூரைமேலும் எதுவும் இல்லை. கால்மணி நேரம் அந்தப் புகை உலகத்தில் எங்கேயும் இல்லை. அப்புறம் ஜார்லத்தின் பச்சை வேன் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, குறுக்குச் சாலைப் பக்கம் கையைக் காட்டினார். செங்கல் அடைத்த புகைபோக்கியிலிருந்து நீலமாக ஒரு கோடு எழுந்துகொண்டிருந்தது. பைனா முற்றத்தில் நல்ல உடுப்பு உடுத்தி நின்று, இடுப்பில் கை வைத்து, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் உடனே போய்விடவில்லை. பைனா திருட்டுத்தனமாக அடுப்பு வைத்திருக்கிறாள் என்று யாரோ எழுதிப்போட, கவுன்சிலிலிருந்து ஆள் வந்து செங்கல்லைத் தட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சோர்கா தன் அறிக்கையில் குடிசையின் அளவு, கம்புக் குழிகளின் எண்ணிக்கை, அடுப்பின் வயது எல்லாம் எழுதி, அடுப்பு அண்மைக் காலம் வரை பயன்பாட்டில் இருந்ததாகத் தெரிகிறது என்று ஒரு வரி சேர்த்தாள். அதைக் குறித்து அவளுடைய மேலதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள், அவள் பதில் எழுதவில்லை. ஃபெஸ்டஸைப் பிடுங்கியின் பேரன் என்று சொல்ல நினைத்தவர்களுக்கு அதில் ருசி இல்லாமல் போனது, அவரே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்லி என்ன ஆகப்போகிறது. இரண்டு வருஷத்தில் ஊர் பழகிவிட்டது. அக்டோபரில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வந்தால் ஏணியைப் பைனா வீட்டில் போடுவார், கரி விழுவதற்குத் துணியை மன்னியன் வீட்டில் விரிப்பார். பைனா இடுப்பு அறுவைக்காகக் காசில்பார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தபோதும் ஆளில்லாத வீட்டிலிருந்து புகை வந்தது. பார்த்தவர்கள் ஃபெஸ்டஸ் நன்றாக இருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். ஒரு குளிர்காலத்தில் ஃபெஸ்டஸ் காய்ச்சலில் படுத்திருந்தபோது புகை மெலிந்ததை முற்றத்திலிருந்து பார்த்து, டாக்டருக்கு முதலில் போன் செய்தவள் பைனா.

அவர்கள் இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வீட்டுக்கு அவள் ஒருநாளும் போகவில்லை. ஆனால் ஒரு மார்ச் மாதம் மன்னியன் வீட்டில் போன் அடித்தது.

"கேப்டன், என்னத்தப் போட்டு எரிக்கற? வெளிய காயப்போட்ட துணியெல்லாம் கறுப்பு."

"மேல்படலத்துக் கட்டி. கொஞ்சம் ஈரம்."

"படுக்கை விரிப்பு வெள்ளை."

"உள்ள காயப்போடுங்க."

"சூரியன உள்ள கூப்பிடவா?" என்று கேட்டுவிட்டுப் பைனா போனை வைத்தாள்.

அந்த வசந்தத்தில் ஃபெஸ்டஸ் கரிமண் அம்பாரத்தை இரண்டாகப் பிரித்து அடுக்குவதை டெலியா பார்த்தாள். ஒரு பக்கம் சாதாரணக் கட்டிகள். இன்னொரு பக்கம், சதுப்பின் அடியாழத்திலிருந்து வெட்டி, ஒரு கோடை முழுக்கக் காய்ந்து கல்லாகிப் போன கறுப்புக் கட்டிகள். அவை புகையே இல்லாமல் எரியும். எதற்கு என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. பைனா ருவேன் துணி துவைப்பது திங்கட்கிழமைகளில். திங்கட்கிழமைகளில் மன்னியன் அடுப்பில் கறுப்புக் கட்டி மட்டுமே எரிந்தது.